இலத்திரனும் இன்மை என்னும் அளவையும்

முற்றத்தில் யானை இல்லை என்று ஒருவன் கூறுகின்றான். உடனே ஒப்புக்கொள்கின்றோம். முற்றத்தில் எறும்பு இல்லை என்று அவனே கூறுகின்றான். இப்பொழுது தயங்குகின்றோம். "செவ்வையாகப் பார்த்தாயா?" என்று வினவுகின்றோம். இரண்டும் இன்மை கூறும் வாக்கியங்களே. ஆயினும் ஒன்று ஐயத்துக்கு இடங்கொடாது நிற்கின்றது, மற்றையது இடங்கொடுக்கின்றது. யானை இருந்திருப்பின் கண்ணுக்குத் தப்பியிராது. எறும்பு தப்பியிருத்தல் கூடும். வேறுபாடு அவ்வளவே.

எங்கள் தருக்க நூலார் இவ்வேறுபாட்டை நுணுகி ஆராய்ந்தவர்கள். காண்டல், கருதல், உரை முதலியவற்றோடு அபாவத்தையும் ஓர் அளவையாக எண்ணும் மரபு உண்டு. மணிமேகலையிற் கூறப்படும் அளவைகளுள்ளும், சிவஞான சித்தியாரின் அளவையியலிலும் அபாவம் இடம்பெற்றிருத்தலைத் தமிழ் கற்போர் அறிவர். காணாமை ஒன்றைக்கொண்டே ஒரு பொருள் இல்லையென்று துணிதல் ஆகாது. இருந்தாற் காணப்படத்தக்க பொருள், காணுதற்குரிய ஏதுக்கள் யாவும் அமைந்திருந்தும் காணப்படாதவிடத்தே இன்மை அறிவாகும். இருளிலே குடத்தைக் காணாதவன் குடம் இல்லையென்று சாதித்தல் பொருந்தாது. முதலில் விளக்கேற்றல் வேண்டும்.

இப்பழைய நியாயம் இன்று பௌதிக விஞ்ஞானத்தின் மிக நுண்ணிய வழக்கொன்றிலே தீர்ப்புக் கூறும் நிலையில் நிற்கின்றது. வழக்கிற்கு உரிய பொருள் இலத்திரன். அதனிடத்து ஒரு பண்பு உண்டோ இல்லையோ என்பதே வினா. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடியும் அப்பண்பு காணப்பட்டிலது. காணப்படாமையே பல பெருங் கொள்கைகளை அசைத்துவிட்டது. யான் இலக்கணமும் தருக்கமும் கற்பிப்பவன், ஆய்வுகூடத்துக்கு உரியவனல்லன். எனினும் இவ்வழக்கு முடிவில் அளவை பற்றிய வழக்கே ஆதலின், தமிழ் மாணவரும் இதனை அறிதல் தகும் என்னும் கருத்தால் எழுதலானேன்.

தேடப்படும் பண்பு யாது?

1897ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தார். அதற்குத் திணிவு உண்டு, மறையேற்றம் உண்டு. அது பம்பரம்போலத் தற்சுழற்சி உடையது என்பது 1925இல் உலன்பெக், கௌட்ஸ்மிற் என்னும் இருவராற் கூறப்பட்டது. ஏற்றமுடைய பொருள் சுழலின் காந்தமாகும். இலத்திரனும் ஒரு சிறு காந்தமே. இவையெல்லாம் ஐயமற அளக்கப்பட்டவை.

எஞ்சிய வினா ஒன்று. இலத்திரனின் ஏற்றம் அதன் நடுவிலே சரிசமமாக அமைந்துள்ளதா? அன்றி அதன் சுழலச்சின் வழியே ஒரு பக்கமாகச் சிறிது சாய்ந்திருக்கின்றதா? சாய்ந்திருப்பின் ஒரு முனை சற்றே மிகுந்த மறையேற்றமும் மறுமுனை சற்றே குறைந்த மறையேற்றமும் உடையதாகும். இச்சாய்வையே மின்னிருமுனைவுத் திருப்புதிறன் என்பர். ஈண்டுச் சுருக்கம் கருதி 'இருமுனைவு' என்று வழங்குவாம். இலத்திரனின் ஏற்றத்தையே அலகாகக் கொண்டால், இருமுனைவின் அளவு ஒரு நீளமாகவே எஞ்சும். அந்நீளத்தைச் சென்ரிமீற்றரிற் கூறுவது வழக்கம்.

அந்நீளமோ மிக மிகச் சிறியது. எனவே வாசகர் வசதிக்காக ஒரு முறையைக் கைக்கொள்வேன். தசமப் புள்ளியின் பின் சுழியங்கள் வரிசையாக வந்து, எத்தனையாவது தானத்தில் முதல் இலக்கம் தோன்றுகின்றதோ அத்தானத்தின் பெயராலே அளவைச் சுட்டுவேன். '26ஆம் தசமதானம்' என்றால் 25 சுழியங்களின் பின் இலக்கம் தோன்றுகின்றது என்பது பொருள். தானம் ஒன்று கூடின் அளவு பத்திலொன்றாகக் குறையும்.

பம்பரமும் காலமும்

இத்துணைச் சிறிய சாய்வு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். அதன் சிறப்பு அளவில் இல்லை. அது மீறும் விதியில் உள்ளது.

சுழலும் பம்பரம் ஒன்றைப் படம்பிடித்து, அப்படத்தைப் பின்னோக்கி ஓட்டுக. வலஞ்சுழித்த பம்பரம் இடஞ்சுழிக்கும். ஆனால் பம்பரத்தின் மேற்புறத்தில் ஒட்டிய மைத்துளி மேற்புறத்திலேயே இருக்கும். காலத்தைத் திருப்பினால் சுழற்சி திரும்பும், இருப்பிடம் திரும்பாது. இலத்திரனும் அவ்வாறே. அதன் ஏற்றச் சாய்வு சுழலச்சின் திசையை நோக்கி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். காலம் திருப்பப்பட்ட உலகில் அச்சின் திசை மாறிவிடும், சாய்வு மாறாது. ஆகவே அங்கே சாய்வு அச்சுக்கு எதிர்த்திசையில் இருப்பதாகும். இலத்திரன்களோ யாவும் ஒரே தன்மையன. ஒன்றுக்கு ஒருவிதமும் மற்றொன்றுக்கு வேறுவிதமுமாக அவை அமைவதில்லை. எனவே பின்னோக்கி ஓடும் உலகு நம் உலகன்று என்பது இலத்திரன் ஒன்றைக் கண்ட மாத்திரத்தே தெரிந்துவிடும். கண்ணாடியிற் காணும் உலகுக்கும் இவ்வாறே ஒரு வேறுபாடு உண்டாகும்.

நீரின் மூலக்கூற்றுக்கும் இருமுனைவு உண்டே என்று விஞ்ஞான மாணவர் தடை நிகழ்த்தலாம். அது மூலக்கூற்றின் வடிவத்தால் வருவது, தற்சுழற்சியோடு பூட்டப்பட்டதன்று. ஆதலின் அது காலவிதியை மீறுவதாகாது.

ஆகவே இலத்திரனின் இருமுனைவு என்பது, இயற்கையின் விதிகள் முற்காலத்தையும் பிற்காலத்தையும் வேறுபடுத்தி அறிகின்றனவா என்னும் வினாவின் மறுபெயர்.

நம்பிக்கை விதியாகாது

1950ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பேர்செல், ராம்சே என்னும் இருவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். துணிக்கைகளுக்கு மின்னிருமுனைவு இல்லையென்று அக்காலத்தார் கொண்டிருந்தனர். கண்ணாடிச் சமச்சீர் இயற்கையில் மீறப்படாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். இவ்விருவரும், 'மீறப்படாது என்று யார் அளந்து கண்டார்?' என்று வினவினர். அளவையால் நிறுவப்படாத கருத்து எத்துணை அழகுடையதாயினும் அது நம்பிக்கையே, விதியன்று. அவர்கள் சிமித் என்னும் மாணவருடன் சேர்ந்து நியூத்திரனிடத்துத் தாமே தேடினர். 20ஆம் தசமதானம்வரை எதுவும் காணப்படவில்லை என்னும் முடிபு 1957இல் அச்சேறிற்று.

அதே ஆண்டில் அவர்கள் வினாவின் தகுதியை உலகம் உணர்ந்தது. 1956இல் லீ, யாங் என்னும் இருவர் கண்ணாடிச் சமச்சீரை ஐயுற்றனர். 1957இல் வூ அம்மையார் தலைமையிலான குழுவினர் கோபாற்று அணுக்கருக்களைக்கொண்டு அச்சமச்சீர் மீறப்படுதலைக் கண்டுகாட்டினர். உருசிய அறிஞர் லண்டாவு அப்பொழுதே ஒரு திருத்தம் கூறினார்: கண்ணாடி மீறல் ஒன்று மாத்திரம் இருமுனைவைத் தோற்றுவியாது, காலமீறலும் உடன் வேண்டும். 1964இல் அதற்கும் வழி திறந்தது. குரோனின், பிட்ச் முதலியோர் புறூக்கேவன் ஆய்வுகூடத்தில் நீண்ட ஆயுளுடைய நொதுமற் கேயோன் துணிக்கைகள் சிதைவதை ஆராய்ந்தனர். ஆயிரத்தில் இரண்டு என்னும் அளவிலே விதி மீறப்படுதலைக் கண்டனர். துணிக்கையை எதிர்த்துணிக்கையாகவும் இடத்தை வலமாகவும் ஒருங்கே மாற்றினும் இயற்கை பழைய நிலையில் நிற்கவில்லை. ஏற்றம், கண்ணாடி, காலம் என்னும் மூன்றையும் சேர்த்து மாற்றினாலே விதி மாறாது என்பது தேற்றம். எனவே முன்னிரண்டும் சேர்ந்து மீறப்படின் காலமும் மீறப்பட்டதாகும்.

1967இல் சகாரொவ் என்னும் உருசிய அறிஞர் இம்மீறலை உலகத் தோற்றத்தோடு இணைத்தார். இலத்திரனுக்கு எதிர்த்துணிக்கையான பொசித்திரனை அண்டர்சன் 1932இல் கண்டிருந்தார். பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழிந்து ஒளியாகும். ஆதியிலே இரண்டும் சம அளவில் தோன்றியிருப்பின், அனைத்தும் அழிந்து ஒளியே எஞ்சியிருக்கும். வானத்தை அளந்தவர்கள், ஒரு புரோத்தனுக்கு ஏறக்குறைய 160 கோடி ஒளித்துணிக்கைகள் உள்ளன என்பர். நூறு கோடியில் ஒன்று என்னும் அளவிலே பொருள் மிகுந்திருந்தது. அந்த எச்சமே மண்ணும் விண்மீனும் நாமும் என்பது அதன் கருத்து. அவ்வெச்சம் உண்டாதற்கு வேண்டிய நிபந்தனைகளுள் மேற்கூறிய மீறலும் ஒன்று என்றார் சகாரொவ். இன்று நாம் அறிந்த மீறலோ அதற்குப் பல படி போதாது. போதாத மிச்சம் எங்கோ மறைந்திருத்தல் வேண்டும். இலத்திரனிடத்துத் தேடுவது அந்த மிச்சத்தின் சுவட்டையே.

கொள்கைகள் கூறும் எண்கள்

இருமுனைவு எவ்வாறு உண்டாகும்? குவாண்டம் கொள்கை எனப்படும் சொட்டுக் கொள்கையின்படி இலத்திரன் தனித்து நிற்பதன்று. அது கணந்தோறும் பிற துணிக்கைகளை உமிழ்ந்து மீள விழுங்குகின்றது. அதனைச் சூழ ஒரு மேகம் இருப்பதுபோலக் கருதலாம். இது வெறுங் கற்பனையன்று. அம்மேகத்தால் இலத்திரனின் காந்தவலிமை 0.00116 என்னும் பங்கு மிகும் என்று 1948இல் ஷுவிங்கர் கணித்தார். பரிசோதனையும் அவ்வாறே கண்டது. இன்று கணிப்பும் அளவும் பன்னிரண்டு தானங்கள்வரை ஒத்து நிற்கின்றன.

அறியப்படாத பாரத்துணிக்கைகள் இயற்கையில் உண்டெனின், அவையும் அம்மேகத்திலே கணப்பொழுது தோன்றி மறையும். அவற்றின் விதிகள் காலத்தின் முன்பின் வேறுபாட்டை அறிவனவாயின், மேகம் ஒரு பக்கம் சாயும். சாய்வின் அளவைத் தீர்மானிப்பன பெரும்பாலும் இரண்டு. ஒன்று அத்துணிக்கையின் திணிவு: திணிவு இருமடங்கானால் சாய்வு நான்கிலொன்றாகும். மற்றையது அவத்தைக் கோணம் என்னும் எண்: காலமீறலின் வன்மையை அது காட்டும், கோணம் சுழியமாயின் சாய்வும் சுழியம்.

இவ்விரண்டையுங் கொண்டு ஒரு மாணவனும் கணித்துப் பார்க்கலாம். புரோத்தனிலும் ஆயிரம் மடங்கு திணிவுடைய புதுத்துணிக்கை ஒன்று, பெருங்கோணத்தோடு, ஒரே சுற்றில் இலத்திரனின் மேகத்தில் இடம்பெறின், இருமுனைவு 26ஆம் தசமதானத்தை அண்டி நிற்கும். இவ்வெண்ணை மனத்திற் கொள்க.

இனிக் கொள்கைகளை வரிசையாக நோக்குவாம். முதலாவது, இன்று நிலைபெற்றுள்ள நியம மாதிரி. இதிலே காலமீறலைக் குவார்க்குகளிடத்து வைத்துக் காட்டியவர்கள் யப்பானிய அறிஞர் கொபயாஷி, மஸ்கவா, ஆண்டு 1973. குவார்க்குகளின் மீறல் இலத்திரனை எட்டுதற்கு நெடுவழி செல்லல் வேண்டும். 1990இல் ஒருவர் மூன்று சுற்றுக் கணக்கால் 38ஆம் தசமதானம் என்றார். அடுத்த ஆண்டிலேயே கிரிப்லொவிச், பொஸ்பெலொவ் இருவரும் அம்மூன்று சுற்றுக் கணக்கின் உறுப்புகள் ஒன்றையொன்று முற்றாக அழிக்கின்றன என்று காட்டினர். பின்னர் எழுந்த மதிப்பீடு 44ஆம் தானத்துக்கு இறங்கிற்று. 2020இல் யமகுச்சி, யமனாக்கா என்பவர்கள் அதனை 40ஆம் தானத்துக்கு உயர்த்தினர். 2022இல் வேறொரு வழி கண்டறியப்பட்டது: அணுக்கருவுக்கும் இலத்திரனுக்கும் இடையிலான விசையொன்று பரிசோதனையில் இருமுனைவு போலவே தோன்றும், அதன் அளவு 35ஆம் தானம். முப்பதாண்டுகளில் இவ்வெண் மேலும் கீழும் சென்றது. ஆயினும் எந்தக் கணக்கும் அதனைப் பரிசோதனைக்கு எட்டும் அளவுக்கு உயர்த்தவில்லை.

இரண்டாவது, மீச்சமச்சீர்க் கொள்கை. ஒவ்வொரு துணிக்கைக்கும் அறியப்படாத பாரத்துணை ஒன்று உண்டென்பது அக்கொள்கை. ஹிக்சுத் துணிக்கையின் திணிவு அளவிறந்து பெருகாமற் காப்பது அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று. அதற்கு அத்துணைகள் புரோத்தனிலும் சில நூறு முதல் ஆயிரம் மடங்கு திணிவின் அயலில் இருத்தல் வேண்டும். அக்கொள்கையிலே புதிய கோணங்கள் பலவும் இயல்பாக எழும். ஆகவே இருமுனைவு 25 முதல் 27ஆம் தானம்வரை எங்கேனும் தோன்றல் வேண்டும். இவ்வாறு 1980களின் தொடக்கந்தொட்டே கணித்து வந்தனர்.

மூன்றாவது, ஹிக்சுத் துணிக்கைகள் பல உண்டெனக் கூறும் கொள்கைகள். இவற்றிற் சாய்வு இரண்டு சுற்றில் எழுவதை 1990இல் பார், ஸீ என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். சுற்று ஒன்று மிகுதலால் அளவு குறையும். எனினும் பாரமிக்க உச்சக் குவார்க்கு அவ்வழியில் இடம்பெறுதலால் அது புறக்கணிக்கத்தக்கதன்று. உலகின் பொருள் மிகுதியை ஹிக்சுப் புலம் உறைந்த காலத்து நிகழ்ச்சியாகக் கூறும் கொள்கைகள் பலவும் இவ்வகையின. அவை 27 முதல் 29ஆம் தானம்வரை கண்வைத்தன.

ஒரு கொள்கையின் மதிப்பு, அது எதனை மறுத்தற்கு இடந்தருகின்றது என்பதிலேயே உண்டு. எந்த அளவு வந்தாலும் பொருந்தும் என்னும் கொள்கை எதனையும் கூறாத கொள்கை. மேற்கூறியவை தம்மை எண்ணாற் கட்டுப்படுத்திக்கொண்டன. அதுவே அவற்றின் பெருமை. அதுவே அவற்றின் இடர்.

விளக்கேற்றியவர்கள்

இருளிற் குடம் தேடாமல் முதலில் விளக்கேற்றல் வேண்டும் என்றோம். இங்கே விளக்கென்பது வன்மைமிக்க மின்புலம். இருமுனைவு உடைய பொருளை மின்புலத்தில் வைத்தால் அதன் சுழலச்சு மெல்லத் திரும்பும். ஆனால் மறையேற்றமுடைய தனி இலத்திரன் மின்புலத்தில் நில்லாது ஓடிவிடும். அணுவுக்குள் இருக்கும் இலத்திரனை ஆராயலாம் எனின், வெளிப்புலத்தை அணு தன்னுள்ளே ஈடுசெய்து மறைத்துவிடும் என்று 1963இல் ஷிவ் நிறுவினார். தேடுவோர்க்குக் கதவு அடைபட்டதுபோலத் தோன்றிற்று.

இரண்டாண்டுகளுள் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த சாண்டர்ஸ் அக்கதவைத் திறந்தார். பாரமிக்க அணுக்களிலே கருவின் அண்மையில் இலத்திரன் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகின்றது. அங்கே சார்புக் கொள்கையின் விளைவால் ஈடுசெய்தல் நிகழாது. மாறாக விளைவு பன்மடங்கு பெருகும். தாலியம் அணுவில் இப்பெருக்கம் ஏறக்குறைய 600 மடங்கு. இதனைக் கொண்டு பேர்க்கிலியில் கொமின்சும் அவர் குழுவினரும் 2002இல் 27ஆம் தானத்தை எட்டினர். எதுவும் காணப்படவில்லை.

முனைவுடைய மூலக்கூறுகள் அணுவினும் சிறந்த விளக்குகள். 2011இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியார் இத்தேர்பியம் புளோரைட்டைக் கொண்டு தாலிய அளவை விஞ்சினர். அதன்பின் ஹாவார்ட், யேல் பல்கலைக்கழகத்தார் சேர்ந்து தோரியம் ஒட்சைட்டை எடுத்துக்கொண்டனர். அம்மூலக்கூற்றினுள் இலத்திரன் உணரும் புலம் ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 7,800 கோடி வோற்று. மனிதன் ஆய்வுகூடத்தில் ஆக்கக்கூடிய எந்த நிலைப்புலமும் அதற்கு அணித்தாகாது. 2014இல் வெளிவந்த அவர்கள் முடிபு: இருமுனைவு 29ஆம் தானத்தில் 8.7 என்பதினும் பெரிதன்று. 2018இல் அது 1.1 ஆகக் குறைந்தது.

2023இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் எரிக் கோர்னெல், ஜுன் யே ஆகியோரின் குழுவினர் வேறு வழி சென்றனர். ஹாப்னியம் புளோரைட்டு அயன்களைச் சுழலும் மின்புலத்திற் பொறிவைத்துப் பிடித்து, இலத்திரனின் அச்சு திரும்புகின்றதா என்று மூன்று செக்கன்வரை பார்த்திருந்தனர். அவ்வயனிற் புலம் 2,300 கோடி வோற்றே. ஆயினும் தோரியம் ஒட்சைட்டைச் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரமே நோக்க இயன்றது. புலத்திற் குறைந்ததைக் காலத்தில் ஈடுசெய்தனர். முடிபு: 30ஆம் தசமதானத்தில் 4.1 என்பதினும் பெரிதன்று. இதனை நூற்றுக்குத் தொண்ணூறு உறுதியோடு கூறலாம்.

இவ்வெண்ணின் நுண்மையை எவ்வாறு உணர்வது? புரோத்தன் அளவினதாகிய ஓர் உருண்டையைப் பூமியளவுக்குப் பெருக்குக. அப்பூமியிலே இச்சாய்வு இரண்டு மூன்று அணுக்களின் அகலமே ஆகும். அதனினும் பெரிய சாய்வு இருந்திருப்பின் விளக்கு அதனைக் காட்டியிருக்கும் என்பது அவர் கூற்று.

பின்வாங்கும் கொள்கைகள்

இனி 26ஆம் தானத்தை நினைவு கூர்க. அங்கே யானை நிற்கும் என்று கொள்கைகள் கூறின. விளக்குப் பல்லாயிரம் மடங்கு நுண்மையோடு எரிந்தது. யானை இல்லை. முதலிற் கூறிய நியாயத்தின்படி இது வெறும் காணாமையன்று. அபாவம் என்னும் அளவையாலே பெற்ற அறிவு.

கொள்கையாளர் இதற்கு மூவகையாக விடை கூறுவர். துணிக்கைகள் நாம் எண்ணியதிலும் பாரமானவை என்பது ஒன்று. கோணங்கள் ஏதோ காரணத்தாற் சிறியவை என்பது மற்றொன்று. பல சாய்வுகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துவிட்டன என்பது மூன்றாவது. மூன்றும் நடவாதவை என்று கூறுதல் இயலாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. ஒரு சுற்றுக் கணக்கின்படி துணிக்கையின் திணிவைப் புரோத்தனிலும் முப்பதாயிரம் மடங்குக்கு மேல் உயர்த்தினால், ஹிக்சின் திணிவைக் காப்பதற்கென்று எழுந்த கொள்கை அக்காவற்றொழிலைப் பெரிதும் இழந்துவிடும். கோணம் சிறிது என்றால், ஏன் சிறிது என்னும் புது வினா பிறக்கும். அழிவு நேர்ந்தது என்றால், தற்செயலை ஏதுவாகக் காட்டியதாகும்.

உரையாசிரியர் ஒருவர் தம் கருத்துக்கு மாறான செய்யுள் வருந்தோறும் அதனை இடைச்செருகல் என்று தள்ளுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். முதன்முறை கேட்போம். இரண்டாமுறை ஏட்டுச் சான்று கேட்போம். மூன்றாமுறை அவர் கருத்தையே ஐயுறுவோம். மீச்சமச்சீர்க் கொள்கை இன்று இரண்டாமுறைக்கும் மூன்றாமுறைக்கும் இடையில் நிற்கின்றது. செனீவா நகரின் அயலில் 27 கிலோமீற்றர் சுற்றளவிலே அமைந்த பெருமோதுகருவி, 2012இல் ஹிக்சுத் துணிக்கையைக் கண்டது. அக்கொள்கை கூறிய துணைகளுள் ஒன்றையேனும் இன்றுவரை கண்டிலது. பேரிடத்துப் பெருங்கருவியும் ஓர் அறைக்குள் அடங்கும் நுண்கருவியும் தம்முள் ஒவ்வா வழிகளாற் சென்று ஒரே திசையைச் சுட்டுதல் கருதத்தக்கது.

ஆயினும் நடுவுநிலை பிழைத்தலாகாது. பின்வாங்குதல் யாவும் குற்றமன்று. பின்வாங்கியவர் புதிய இடத்தில் நின்று, "இனி இந்தத் தானத்திலே தேடுக, இங்கும் இல்லையெனில் என் கொள்கையை விடுவேன்" என்று சொல்வாராயின் அவர் நேர்மையானவர். அவ்வாறு சொல்லாது எல்லையின்றிப் பின்செல்பவர் தருக்கத்தை விட்டவராவர். இன்னும் ஒன்று. உலகின் பொருள் மிகுதிக்கு வேண்டிய மீறல் இலத்திரனை அணுகாத வேறிடத்து இருத்தலுங் கூடும். பாரமிக்க நியூத்திரினோக்களின் சிதைவால் அது நேர்ந்தது என்று 1986இல் யப்பானிய அறிஞர் இருவர் கூறிய கருத்து இன்றும் நிற்கின்றது. அஃது உண்மையாயின் இலத்திரன் நமக்கு யாதும் சொல்லாதிருத்தல் கூடும். முற்றத்தில் யானை இல்லாமையால் காட்டிலும் யானை இல்லையென்று சாதித்தல் ஆகாது.

வெற்று நிலம்

இத்தனை ஆண்டுகள் தேடியும் காணாத ஒன்றை மேலும் தேடுவதாற் பயன் யாது என்று மாணவர் சிலர் கேட்பர். அவர்க்கு இரண்டு எண்களை நினைவூட்டுவேன். பரிசோதனை இன்று 30ஆம் தானத்தில் நிற்கின்றது. நியம மாதிரி கூறும் அளவு 35ஆம் தானத்தில் நிற்கின்றது. இடைவெளி ஏறக்குறைய நான்கு இலட்சம் மடங்கு. இவ்விடைவெளியில் அறியப்பட்ட குவார்க்கு மீறலால் விளையும் பயிர் எதுவும் இல்லை. ஆகவே இங்கே ஒரு சிறு முளை தலைகாட்டினும் அது புதிய வித்தின் முளையே ஆகும். களையோ பயிரோ என்னும் மயக்கத்துக்கு அங்கே இடமில்லை. தேடுவோருக்கு இதனினும் நல்ல நிலம் வாய்த்தல் அரிது. தோரியம் ஒட்சைட்டுக் குழுவினர் தம் கருவியைப் புதுக்குகின்றனர். கொலராடோக் குழுவினர் தோரியம் புளோரைட்டு அயனுக்கு மாறுகின்றனர். அளவு பத்து மடங்கு நுண்மையானால், கணக்கின்படி அறியத்தக்க திணிவின் எல்லை மூன்று மடங்கு விரியும். மோதுகருவியொன்றை மும்மடங்காக்குவதற்கு வேண்டிய நிலத்தையும் பொருளையும் எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வழியின் சிக்கனம் விளங்கும்.

இறுதியாக ஓர் இலக்கணக் குறிப்பு. தமிழில் 'இல்லை' என்பது பொருளின் இருப்பை மறுக்கும். 'அன்று' என்பது அதன் தன்மையை மறுக்கும். வகுப்பறையிலும் வழக்கிலும் மாணவர் இவ்விரண்டையும் மயக்குதல் இயல்பு. மேற்கூறிய ஆய்வாளருள் ஒருவரேனும் 'இலத்திரனுக்கு இருமுனைவு இல்லை' என்று எழுதவில்லை. 'இதனினும் பெரிதன்று' என்றே ஒவ்வொருவரும் எழுதினர். எழுபது ஆண்டு உழைப்பின்பின்னும் தம் அளவை எட்டிய இடத்தில் நின்று, அதற்கு ஓர் அடி அப்பாலும் சொல்லைச் செலுத்தாத அடக்கம் அது. கொள்கை வகுப்போர் எண்ணைத் துணிந்து கூறுதலும், அளப்போர் அளந்ததற்கு மேற் கூறாதிருத்தலும் ஆகிய இரண்டும் சேர்ந்தவிடத்தே இன்மையும் அறிவாகின்றது. தமிழ் ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவரும், ஒரு நூலில் ஒரு சொல்லோ ஒரு செய்தியோ காணப்படாமையைக் கொண்டு காலத்தையும் கருத்தையும் துணியப் புகுமுன், அது அங்கே இருந்திருப்பின் காணப்பட்டிருக்குமா என்னும் வினாவைத் தம்மிடமே ஒருமுறை கேட்டுக்கொள்வாராக.